தலைமைப் பண்பு: பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்



நம்மில் பெரும்பாலானோர் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு இங்கே வந்தவர்கள். பதினைந்து பதினாறு வயதில் டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். பத்தொன்பது வயதில் டிப்ளமோவோடு வெளியே போகப் போகிறோம். அதற்குப் பிறகு என்ன என்று யோசித்ததுண்டா?

சிலர் நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேர்வார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போவோம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்ட பிறகு, டிப்ளமோ முடித்தவர்களும் தொழிற்சாலைகளில் ஓராண்டு பழகுநராகச் சேர வழி பிறந்தது. அப்படியோ நேரடியாகவோ உள்ளே போகிறவன், கொஞ்ச காலத்தில் ஒரு ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஆகிறான். சிவில் நண்பர்களுக்கு அது சைட். எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு அது சப்-ஸ்டேஷன். இடம்தான் வேறு, நிலைமை ஒன்றே. மேலே இன்ஜினியர், கீழே தொழிலாளி, நடுவில் நாம்!

அங்கே நமக்குக் கீழே வேலை செய்பவர் யார்? நம் அப்பா வயதுள்ள மனிதர். நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே லேத் ஓட்டுபவர். இரும்பு வெட்டுப்படும் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதைக் கண்டுபிடிப்பவர். அவரிடம் போய், "அண்ணே, இன்னைக்கு இந்த ஜாபை முதல்ல முடிச்சுக் கொடுங்க" என்று சொல்ல வேண்டும். அவரும் மனம் கோணாமல் முடித்துத் தர வேண்டும். "நேத்து வந்த பொடியன் நமக்குச் சொல்றானா?" என்று அவர் நினைத்துவிட்டால் அன்றைய புரொடக்‌ஷன் அவ்வளவுதான்.

இதை எந்த செமஸ்டரில், எந்தப் பேப்பரில் சொல்லித் தருகிறார்கள்? மேலாண்மைப் பாடத்தில் தலைமைப் பண்புகள் என்று பத்து பாயின்ட் உண்டு. மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் நீச்சல் பற்றிப் பத்து பாயின்ட் எழுதியவன் கிணற்றில் குதித்தால் மிதப்பானா? இறங்கிப் பழக ஒரு கிணறு வேண்டும். நம் கல்லூரியில் அந்தக் கிணறு மாணவர் பேரவையும், நாட்டு நலப்பணித் திட்டமும், என்.சி.சி.யும், துறை மன்றங்களும்தான். இரண்டாண்டு நலப்பணித் திட்டத் தொண்டனாகவும், இந்த ஆண்டு பேரவையின் பொருளாளராகவும் இருந்ததில் நான் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

அதிகாரம் இல்லாத இடம்

முதலில் ஒரு கேள்வி. பேரவைச் செயலாளருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? சம்பளம் கொடுக்க முடியாது, பிடிக்கவும் முடியாது. இன்டர்னல் மார்க்கில் கை வைக்க முடியாது. "டேய், நாற்காலி எடுத்துப் போடலாம் வாடா" என்று கூப்பிட்டால், "போடா, எனக்கு ரெக்கார்டு எழுதணும்" என்று சொல்லிவிட்டு எவனும் போகலாம். அவனை ஒன்றும் செய்ய முடியாது.

இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வரம்! கட்டளையிட முடியாத இடத்தில் வேலை நடக்க வேண்டுமானால், கேட்கத் தெரிய வேண்டும். யாருக்கு எது வரும் என்று கவனிக்க வேண்டும். காரணத்தை விளக்க வேண்டும். நாற்காலியின் இன்னொரு பக்கத்தை நாமே முதலில் தூக்க வேண்டும். நாளை லேத் ஓட்டும் அந்தப் பெரியவரிடம் செல்லுபடியாகப் போவதும் இதுதான். ஐ.டி. கார்டில் உள்ள பதவிப் பெயருக்கு அவர் ஒரு நாள் மரியாதை கொடுப்பார். மறுநாளிலிருந்து நம்மை எடை போட்டுப் பார்ப்பார்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு அது தொடங்கப்பட்டது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் குறிக்கோள். ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஊருக்கு நாம் யாரோ. வாய்க்கால் தூர்வாரப் போனால், "தம்பி, மண்ணை அந்தக் கரையில போடாதீங்க, மழை வந்தா திரும்ப உள்ளேதான் சரியும்" என்பார் ஒரு பெரியவர். அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் மறுநாள் ஊரே மண்வெட்டி கொடுக்கும். நாம் தலைமை தாங்குவதாக நினைத்துப் போகிறோம். கேட்டுக்கொள்ளக் கற்றுத் திரும்புகிறோம்.

ஒரு ரத்ததான முகாமைப் பிரித்துப் பார்ப்போம்

"ரத்ததான முகாம் நடத்தணும்" என்று கூட்டத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதை நடத்துவது எப்படி? நாம் டெக்னிக்கல் ஆட்கள். ஒரு அசெம்பிளியைப் பாகம் பாகமாகப் பிரிப்பது போல இதையும் பிரித்துப் பார்ப்போம்.

ரத்தம் கொடுப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. கலைக் கல்லூரியில் இது பெரிய பிரச்சினை இல்லை. நமக்கோ முதல் விதியிலேயே சிக்கல்! பத்தாம் வகுப்பு முடித்து வந்த முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் 18-ஐத் தொடாதவர்கள். ஆகவே 'கல்லூரியில் இத்தனை நூறு பேர்' என்று ரத்த வங்கிக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மூன்றாமாண்டு மாணவர்கள், பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள் என்று பிறந்த தேதியைப் பார்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். பட்டியல் எடுப்பது ஒரு வேலை. அதற்கு ஓர் ஆள்.

அடுத்து நேரம். 60 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் 4. ஒருவர் படுத்து எழுந்திருக்க எல்லாம் சேர்த்து 20 நிமிடம் என்று கணக்கிட்டால் ஒரு மணிக்கு 12 பேர். 60 பேருக்கு 5 மணி நேரம். காலை 10 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 3 மணிக்கு முடியும். கணக்கு சரிதானே? சரியில்லை! எடை பார்த்து, விரலில் ஊசி குத்தி ஹீமோகுளோபின் பார்க்கும் மேஜை ஒன்றுதான் என்றால் என்ன ஆகும்? அங்கே ஒருவருக்கு 6 நிமிடம் பிடித்தால் மணிக்கு 10 பேர்தான் கட்டிலுக்கு வருவார்கள். அவர்களிலும் சிலர் ரத்தம் கொடுக்கத் தகுதியில்லை என்று திரும்புவார்கள். கட்டில் காலியாகக் கிடக்கும், வெளியே வரிசை நீளும். வரிசையில் நின்று அலுத்தவன், "அப்புறம் வரேன் மச்சான்" என்று கேன்டீனுக்குப் போய்விடுவான். ஒர்க்‌ஷாப்பில் ஒரு மெஷின் மெதுவானால் மொத்த லைனும் மெதுவாகிறதே, அதே கதைதான். முகாமுக்கு முன்பே ரத்த வங்கிக்காரர்களிடம் பேசி இரண்டு மேஜை கேட்டிருந்தால் தீர்ந்தது. பேசுவதும் ஒரு வேலை. அதற்கும் ஓர் ஆள்.

18 வயது ஆகாத தம்பி தங்கைகளுக்கு என்ன வேலை? பதிவு செய்வது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, ரத்தம் கொடுத்தவரைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து ஜூஸும் பிஸ்கட்டும் கொடுப்பது, தலைசுற்றுகிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. ரத்தம் கொடுக்க முடியாதவனும் இந்த முகாமுக்குத் தேவைப்படுகிறான். ஒவ்வொருவருக்கும் ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குப் பெயர்தான் தலைமை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் முட்டுக்கட்டை போடுபவன் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் யாராவது யோசித்திருக்க வேண்டும் அல்லவா?

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் மாணவப் பருவமும் இதற்குச் சான்று. டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு அவருக்கும் நான்கு நண்பர்களுக்கும் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் எடுத்துக்கொண்டார். உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். வேலை சுணங்கியதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு விதித்தார். கலாம் இரவு பகலாகப் படப்பலகையின் முன் நின்று வரைபடத்தை முடித்தார். இதை 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தன் வரலாற்று நூலில் அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் பெரிய ராக்கெட் திட்டங்களை நடத்திய மனிதர், நம் வயதில் ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒரு பங்கைத் தூக்கியவர்தான். தன் பங்கு தாமதமானால் மற்ற நால்வரின் உழைப்பும் நிற்கும் என்பதை உணர்ந்தவன்தான் பிறகு நாலாயிரம் பேரை நடத்த முடியும்.

பணமும் நோட்டும்

பொருளாளர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நண்பர்களுக்கிடையே நம்பிக்கை இருந்தால் போதும், கணக்கு எதற்கு என்று நினைப்பார்கள். உண்மை தலைகீழ். கணக்கு இருந்தால்தான் நட்பு மிஞ்சும்! மைக் செட்டுக்கு எவ்வளவு, ஷாமியானாவுக்கு எவ்வளவு, டீக்கு எவ்வளவு என்று பில்லோடு எழுதி, வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஒரு வாரத்துக்குள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட வேண்டும். டீக்கடைக்காரர் பில் தர மாட்டார் என்றால் வவுச்சர் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். செலவை ஒருவர் செய்ய, இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இது யார் மீதும் சந்தேகப்படுவதற்காக அல்ல. யாரும் நம்மைச் சந்தேகப்பட இடம் வைக்காமல் இருப்பதற்காக.

கூட்டத்துக்கும் அப்படித்தான். ஒன்றரை மணி நேரம் பேசிக் கலைந்த பிறகு, "நீ பண்றேன்னுதானே சொன்னே?", "இல்லடா, அவன்தான் ஒத்துக்கிட்டான்" என்று சண்டை வருவது ஏன்? எழுதாததால்தான். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன வேலை, யார், எந்தத் தேதிக்குள். கூட்டம் முடியும்போது அதைச் சத்தமாக ஒரு முறை வாசியுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். நாளைக்கு ஷிப்ட் மாறும்போது லாக் புத்தகம் எழுதப் போகிறோமே, அதற்கு இது ஒத்திகை.

சிறுவர்களிடம் நடந்த ஒரு சோதனை

தலைமை பற்றி ஆராய்ந்தவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற மூவர் 1930-களின் இறுதியில் நடத்தி, 1939-இல் வெளியிட்ட ஆய்வு அது. பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு மன்றங்களாகச் சேர்த்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். மன்றத்துக்கு ஒரு பெரியவர் தலைவர். ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து ஆணையிடுவார். இன்னொரு வகை, சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுப்பார். மூன்றாவது வகை, "எப்படியோ பண்ணிக்கோங்க" என்று ஒதுங்கி நிற்பார்.

ஆணையிடும் தலைவர் இருந்தபோது வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது! கலந்து பேசும் தலைவர் வெளியே போனபோதும் வேலை ஏறக்குறைய அதே வேகத்தில் தொடர்ந்தது. ஒதுங்கி நின்றவரின் குழுவில் வேலை சரியாக நடக்கவே இல்லை.

இதை நம் கல்லூரியோடு பொருத்திப் பாருங்கள். எல்லாச் சாவியையும் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, எல்லாப் போனையும் தானே பேசி, விழா நாளன்று வியர்த்து விறுவிறுத்து ஓடுபவனைப் பார்த்து, "இவன் இல்லேன்னா ஒண்ணும் நடக்காதுப்பா" என்று நாம் மெச்சுகிறோம். நல்ல உழைப்பாளிதான். ஆனால் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் விழா என்ன ஆகும்? 'இவன் இல்லாவிட்டால் நடக்காது' என்பது பாராட்டல்ல. 'இவன் ஒரு நாள் இல்லாவிட்டாலும் நடக்கும்' என்பதே ஒரு தலைவனுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. நாம் அறையை விட்டு வெளியே போன பிறகு வேலை நடக்கிறதா? தலைமைக்கு நான் வைத்திருக்கும் உரைகல் இது ஒன்றுதான்.

யார் வருவதில்லை?

பேரவைப் பணிகளில் எப்போதும் அதே இருபது முகங்கள்தான் தெரிகின்றன என்று சொல்கிறோம். மற்றவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுமுன் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

கூட்டம் மாலை ஐந்தரை மணிக்கு. கிராமத்திலிருந்து வரும் மாணவனுக்கு ஐந்தேகாலுக்கு பஸ். அதை விட்டால் அடுத்த பஸ் ராத்திரிதான். அவன் எப்படி வருவான்? கூட்டத்தை மதிய உணவு இடைவேளைக்கு மாற்றியபோது இதுவரை வாய் திறக்காத பலர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஆர்வம் எப்போதும் இருந்தது, பஸ்தான் இல்லை!

மாணவிகள் விஷயம் இன்னும் வெளிப்படையானது. விழா என்றால் அவர்களுக்குக் கோலம், குத்துவிளக்கு, சந்தனம், பன்னீர், கடவுள் வாழ்த்து. பணப் பொறுப்பு, போக்குவரத்து, விருந்தினரோடு பேசுவது எல்லாம் பையன்களுக்கு. கோலம் போடுவது தாழ்ந்த வேலை அல்ல. ஆனால் மூன்றாண்டும் கோலம் மட்டுமே போட்ட தங்கை, நாளை சைட்டில் நாற்பது பேரிடம் வேலை வாங்கும் துணிச்சலை எங்கே பழகுவாள்? இந்த ஆண்டு துறை சிம்போசியத்தின் பதிவுக் கட்டணத்தையும் செலவையும் பார்த்துக்கொண்டவர் ஒரு இரண்டாமாண்டு மாணவி. கடைசி ரூபாய் வரை கணக்கு பொருந்தியது. பொறுப்பு கொடுத்தால் திறமை தானாக வெளியே வருகிறது. கொடுக்கும் முன்பே திறமையைக் காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாது.

தமிழ் வழியில் படித்து வந்த நண்பர்களுக்கு மைக் என்றாலே பயம். அவர்களை எடுத்த எடுப்பில் வரவேற்புரைக்கு அனுப்ப வேண்டாம். முதலில் பத்துப் பேர் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கட்டும், அப்புறம் வகுப்பில் ஓர் அறிவிப்பு, பிறகு மேடை. ஃபிட்டிங் ஷாப்பில் முதல் நாளே யாரும் வி-ஜாயின்ட் செய்வதில்லையே! சதுரமாக ராவக் கற்ற பிறகுதானே எல்லாம்!

"அரியர் விழுமே?"

வீட்டிலும் கேட்கிறார்கள், நண்பர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழக்கமான பணி ஆண்டுக்கு 120 மணி நேரம். 52 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு இரண்டே கால் மணிக்குச் சற்றுக் கூடுதல், ஒரு சினிமாவுக்கு ஆகும் நேரம். அரியருக்குக் காரணம் தேடுபவர்கள் முதலில் வேறு இடத்தில் தேடலாம்.

மாணவர் தேர்தல்களுக்காக உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றுக்கொண்ட லிங்டோ குழுவின் பரிந்துரைகளும் இதைக் கவனித்திருக்கின்றன. போட்டியிடுபவருக்கு அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. வருகைப் பதிவு 75 சதவீதமாவது வேண்டும். செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது; கையால் செய்ததை மட்டுமே வைக்கலாம். படிப்பை விட்டவன் தலைவனாகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பைக் கட் அடிப்பதற்கு 'பேரவை வேலை' ஒரு சாக்கு ஆகிவிட்டால் அது நம் எல்லோருடைய பெயரையும் கெடுக்கும். லேப் நேரத்தில் தோரணம் கட்டுபவனைத் திருப்பி அனுப்புவதும் செயலாளரின் கடமையே.

அடுத்தவர் கையில்

மாணவர் அமைப்புகளுக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அவை இறந்து மறுபடி பிறக்கின்றன. வேலை கற்றுக்கொண்டவர்கள் மூன்றாமாண்டு முடித்துப் போய்விடுகிறார்கள். புதிதாக வருபவர்கள் மைக் செட் யாரிடம் எடுப்பது என்பதிலிருந்து மறுபடி 'அ'னா 'ஆ'வன்னா தொடங்குகிறார்கள். அதனாலேயே நல்ல திட்டங்கள் இரண்டாம் ஆண்டைத் தாண்டுவதில்லை.

இதற்கு மருந்து எளியது. ஒவ்வொரு பொறுப்பிலும் மூன்றாமாண்டு மாணவரோடு ஓர் இரண்டாமாண்டு மாணவரைத் துணைக்குச் சேர்ப்பது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் எது நன்றாக வந்தது, எது வரவில்லை, யாரை அணுகினோம், எவ்வளவு ஆனது என்று ஒரு பக்கம் எழுதிவைப்பது. இதைச் செய்துவிட்டுப் போனால் நாம் அறையை விட்டுப் போன பிறகும் வேலை நடக்கும்.

இந்த ஆண்டு அப்படி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ரத்ததான முகாம், சிம்போசியம், விளையாட்டு விழா, இந்த ஆண்டு மலர் ஆகிய நான்கின் வேலைப் பட்டியலும், வரவு செலவும், செய்ய வேண்டியவையும் அதில் இருக்கின்றன. பேரவை அறை அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. பூட்டு கிடையாது. தம்பி தங்கைகளே, எடுத்துப் படியுங்கள். நாங்கள் எழுதியதில் எது பொருந்தவில்லையோ அதை அடித்துவிட்டு, உங்கள் அனுபவத்தை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். அதில் வெள்ளைப் பக்கங்கள் நிறைய மிச்சம் இருக்கின்றன.